கட்ட வேண்டாம்

மகள் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அம்மாவின் இடது கை டிரிப்ஸ் ஊசியை மறுபடியும் பிடுங்கிவிட்டது. விரிப்பில் ரத்தம் சொட்டியது. தொற்று ரத்தத்தில் கலந்ததிலிருந்து அம்மாவுக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது.

"யாருடி நீ? சாவிய எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று நர்ஸைப் பார்த்துச் சீறினாள்.

நர்ஸ் புதிய ஊசியைக் குத்திவிட்டு, அரைச் சிரிப்போடு தயங்கித் தயங்கி மகளிடம் கேட்டாள். "அக்கா, மிஸ் நடிக்கிறாங்களா?"

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. நர்ஸ், நர்சிங் கல்லூரியில் அம்மாவிடம் படித்தவள். மனநல வகுப்பில் அம்மாதான் நோயாளியாக நடித்துக் காட்டுவாளாம். கத்துவாள், தண்ணீரைக் கொட்டுவாள், மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருமுறை நிஜமென்று நம்பி இவள் பிரின்சிபாலையே கூட்டிவந்துவிட்டாளாம்.

"இல்லை" என்றாள் மகள்.

நர்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பொறுமையாகவே சொன்னார். மருந்து ஏறியாக வேண்டும். அதுவும் எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது. கைகளைக் கட்டிலோடு கட்டலாம், வீட்டார் சரி என்றால். அண்ணன் தலையாட்டினான்.

அம்மா பாதி ஆயுளை மனநல வார்டில் நர்ஸாகக் கழித்தவள். டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக நோயாளிகளின் கட்டுகளை அவிழ்ப்பாள். அடுத்த ஷிப்டில் திரும்பக் கட்டிவிடுவார்கள். நான் அவுக்க அவுக்க அவங்க கட்டுறாங்க, கட்டுற கைங்களத்தான் பழக்கணும் என்று சொல்லி, வந்த பதவி உயர்வை விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போனாள். முதல் மாதம் முழுக்க அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். குரல் நடுங்கியது. அப்படியும் போனாள்.

"கட்ட வேண்டாம்" என்றாள் மகள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

"மருந்து ஏறலேன்னா நீ பொறுப்பேத்துப்பியா?" என்றான் அண்ணன்.

வீட்டில் இந்தக் கேள்வி வந்தாலே அவள் வாயடைத்துப் போவாள்.

"ஏத்துக்கிறேன்."

டாக்டர் இருவரையும் பார்த்தார். தனக்கு டியூட்டி முடியப்போகிறது, தானே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதாக நர்ஸ் சொன்னாள். வீட்டுக்குக் கிளம்ப மாட்டிய பையைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தாள். தாழ்வான ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் இடது கையைத் தன் மணிக்கட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா இறுகப் பற்றினாள்.

"சாவி எங்கடி?"

"தேடிட்டிருக்கேன் மிஸ். எந்தக் கதவுக்கு?"

"எல்லாக் கதவுக்கும். உள்ள ஆளுங்க இருக்காங்க."

"சரி மிஸ். ஒவ்வொண்ணா திறக்கிறேன்."

அம்மாவின் தோள் தளர்ந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அண்ணன் கால்மாட்டில் நின்றபடி அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதலில் அழுதது அண்ணன்தான்.

நர்ஸ் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவள் மணிக்கட்டில் நகங்கள் பதிந்து தோல் கிழிந்திருந்தது. மகள் பஞ்சை மருந்தில் நனைத்து நீட்டினாள்.

நர்ஸ் அதை வாங்கி, அம்மாவின் கையில் ஊசி இருந்த இடத்தைத் துடைத்தாள்.