நாற்பத்திரண்டு நிமிடப் பச்சை

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். ஒவ்வொரு அறையிலும் குளியலறையிலும் ஓர் அவசரப் பட்டன். யாராவது விழுந்தால் அமுக்குவார்கள். அழைப்பு எங்கள் நிறுவனத்தின் ஈதர்நெட் இணைப்பு வழியாக உதவி மையத்துக்குப் போய், அங்கிருந்து நர்ஸுக்கு வரும். அந்த இணைப்பைக் கண்காணிப்பது என் வேலை. சென்னையிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. பயப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அன்று காலை பதினொன்றுக்கு அதில் ஒரு சோதனை. களப் பணியாளர் இரவிச்சந்திரன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், இல்லத்தின் பேஸ்மென்டில் நின்றார். நான் அலுவலகத்திலிருந்து லூப் போட்டேன். லூப் போட்டால் நாம் அனுப்பும் சோதனைப் பாக்கெட்டுகள் அந்த முனையில் திரும்பி நம்மிடமே வரும். வேறு எதுவும் போகாது. அதை எடுக்கும்வரை இணைப்பு அறுந்ததாக எங்களுக்கு அலாரமும் அடிக்காது. பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடமும் நர்ஸுகள் அறை அறையாகப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

"நான் சொல்லுமட்டும் லூப்பை எடுக்காதேங்கோ, தங்கச்சி," என்றார் போனில்.

அவர் சொல்லவேயில்லை. நானும் கேட்கவில்லை. பெரியவரை அவசரப்படுத்தக் கூடாதென்று உட்கார்ந்திருந்தேன். என் மரியாதையில் இடி விழ. திரையில் எல்லாம் பச்சை. அனுப்பியது ஆயிரம், வந்தது ஆயிரம். வேறு வேலையில் மூழ்கிவிட்டேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத்தான் அந்த இணைப்பின் போக்குவரத்து வரைபடம் கண்ணில் பட்டது. பதினொன்றிலிருந்து தரையோடு தரையாக ஒரு கோடு. நாமே கதவைத் தட்டிவிட்டு நாமே "யாரு?" என்று கேட்டுக்கொண்ட கதை.

லூப்பை எடுத்தேன், ஒரு நொடி வேலை. பதிவில் 11:10 என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு சொன்னது. என் வேலை அனுமதிக்கு நிறுவனம் அடுத்த வாரம் கடிதம் தர வேண்டும். ஆனால் பத்து நிமிடம் முடிந்து நர்ஸுகள் சுற்றை நிறுத்திய பிறகு, இந்த நாற்பத்திரண்டு நிமிடத்தில் யாராவது பட்டனை அமுக்கியிருந்தால்? அந்த அழைப்பு எங்கேயும் காத்திருக்காது. தொலைந்தது தொலைந்ததுதான்.

இல்லத்துக்குப் போன் செய்தேன். அக்னெஸ் என்ற நர்ஸ் எடுத்தார். நான் பார்கவி, பட்டன்கள் இவ்வளவு நேரமும் வேலை செய்யவில்லை, தவறு என்னுடையது, எல்லா அறையையும் உடனே பாருங்கள் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினார். கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினாறாவது கதவுக்குப் பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை.

நெடுநேரம் கழித்து அக்னெஸ் வந்தார். குளியலறையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், உயிர் இருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்றார். பட்டனிலிருந்து அவர் விரலை எடுக்க முடியவில்லையாம்.

போனை வைத்ததும் இரவிச்சந்திரன் அண்ணா அழைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ, தங்கச்சி. சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு பிள்ளையளைப் பாக்கிற கார்டெரியில இருந்து கூப்பிட்டவை, ஓடி வந்திட்டன். லூப்பை நீங்கள் அப்பவே எடுத்திருப்பியள்தானே?"

"இல்லைண்ணா," என்றேன். "நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன்."