எதிரொலி இல்லாமல்

வெள்ளிக்கிழமை என்பதால் பாசிப்பயறு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. என் தம்பி ஜோமர் நின்றபடியே பூண்டுச் சோற்றைக் கருவாட்டோடு அள்ளித் தின்றான். போதாதென்று என் தட்டிலிருந்த கருவாட்டுத் தலையையும் எடுத்துக்கொண்டான்.

"டென்சியோ பாட்டுல என் குரலக் கெணத்துக்குள்ள போட்டு வெச்சிருக்கான், ஆத்தே. இன்னிக்கு அவனா நானான்னு பாத்துட்டு வர்றேன். பயறுல பன்னித்தோல் வறுவல் போடு, மறந்துடாத."

"மொதல்ல வாயத் தொடச்சிட்டுப் போ."

துடைத்தானா என்று நான் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் மழை. ஒரு லாரி. அவன் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேரவேயில்லை. போடப் போன சண்டை அப்படியே மிச்சம் நின்றது.

அடக்கம் முடிந்த கையோடு எங்கள் ஊரில் யாரும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். போனால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார். வழியில் எங்காவது நுழைந்து அவரை உதறிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். தெருக்காரர்கள் ரொட்டிக் கடைக்குக் கிளம்பினார்கள். கல்லறை வாசலில் டென்சியோ என்னை மறித்தான். தம்பியின் இசைக்குழுவில் மேளம் வாசிப்பவன். பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து அவர்களுடைய பாட்டுகளை மிக்ஸிங் செய்பவனும் அவன்தான். தம்பியைப் போலவே அவனும் என்னை ஆத்தே என்றுதான் கூப்பிடுவான், மூத்தவள் என்ற மரியாதைக்கு.

"ரொட்டிக் கடைக்குப் பதிலா என் ஸ்டுடியோவுக்கு வாங்க, ஆத்தே. அவனும் நீங்களும் பாடின பாட்டு ரெடி. ஞாயித்துக்கிழமை ரேடியோவுல போடறாங்க."

"வர்றேன். அவன ஒன் எடத்துலயே உதறிட்டுப் போறேன். ஒன்னத் தூங்க விடாம பண்ணட்டும்."

ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. டென்சியோ கறுப்புச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பாட்டை ஓடவிட்டான். மேளம் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில், மாதா கோயில் கூரையிலிருந்து இறங்குவது போல ஒரு குரல். அதைச் சுற்றி என் குரலை நாலைந்து அடுக்காக அடுக்கியிருந்தான்.

"யாருடா இது?"

"ஜோமர்தான்."

"ஜோமர் இல்ல. ஏதோ புனிதர் சிலைக்குப் பின்னால ஸ்பீக்கர் வெச்ச மாதிரி இருக்கு."

"செத்தவன் பாட்டு ஆத்தே. கேக்கறவன் அழணும்."

"அவன் பாடும்போது சாகலடா. எதிரொலிய எடு."

டென்சியோ சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "கேளுங்க அப்ப," என்று மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜோமரின் குரலை மட்டும் விட்டான். எதிரொலியும் இல்லை. என் தம்பி காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். எச்சில் விழுங்கியது கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது கேட்டது. பல்லவி முடிவில், நீட்டிப் பிடிக்கவேண்டிய இடத்தில், சுதி மெல்ல இறங்கியது.

"கேட்டீங்களா? எல்லாப் பாட்டுலயும் இப்படித்தான் எறங்குவான். இத்தன வருஷமா எதிரொலியப் போட்டு மூடினது நான். சுதியச் சரி பண்றேன்னா அதுக்கும் விடமாட்டான் தொர. இப்ப இத ஊருக்கெல்லாம் காட்டணுமா ஒங்களுக்கு?"

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே அவனை அறையவேண்டும் போலிருந்தது.

"காட்டு," என்றேன்.

"அப்ப நீங்க வெளிய போகணும்."

"என்னது?"

"ரூம விட்டு இல்ல. பாட்ட விட்டு. ஒங்க குரல் ஊசி மாதிரி சுதியில நிக்குது. நீங்க பக்கத்துல நின்னா அவன் கோணல் பளிச்சுனு தெரியும். நீங்க இல்லைன்னா, அவன் பாடற விதமே இப்படித்தான்னு காது ஒத்துக்கும். ஒண்ணு அவனுக்கு மேல்பூச்சு. இல்லாட்டி நீங்க இல்ல."

நான் நம்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினான். என் குரல் நேராக நின்றது. தம்பி பக்கத்தில் தடுமாறினான். நான்தான் அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் குரலை அணைத்தான். தம்பி தடுமாறவில்லை, களைத்துப்போய் வீடு திரும்பியவன் பேசுவது போலிருந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து பாடிப் பதிவானது அந்த ஒரு பாட்டுதான். இனி வேறு வராது.

"என்ன ஆத்தே, கை வரலையா? புனிதரே இருக்கட்டுமா?"

அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி என் குரல்களை ஒவ்வொன்றாக நானே அணைத்தேன்.

"மேளத்தயும் கொற," என்றேன். "ஒன் மேளம்தான? வலிக்குதோ?"

"வலிக்குது," என்றான். குறைத்தான்.

இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பற்களைக் கடித்துக்கொண்டு குறைத்தான். கிதாரை ஓரமாகத் தள்ளினான். பிறகு முதலிலிருந்து கேட்டோம். இரண்டாம் சரணத்தில் ஜோமர் மேளத்துக்கு ஒரு இம்மி முன்னாலேயே நுழைந்துவிட்டான். மேளம் பெரிதாக இருந்தவரை அது தெரிந்திருக்கவில்லை. டென்சியோவின் கை அதைப் பின்னுக்கு நகர்த்தப் போனது.

"கைய எடு."

"இது பாவமில்ல ஆத்தே, தலைமுடி அகலம்தான். ஒருத்தனுக்கும் தெரியாது."

"எடுடா கைய."

எடுத்தான். "இத நான் பண்ணேன்னு வெளிய சொல்லாதீங்க," என்றான். "அசிங்கம்."

"சொல்ல மாட்டேன். ஒனக்கு அந்தப் பெருமை எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அப்படியேதான் வந்தது. அக்கா பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று டென்சியோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். எங்களுக்குள் பேச்சு இல்லை. நீயும் பாடியதாகச் சொன்னாயே, உன் குரலைக் காணோமே என்று தெருவில் கேட்கிறார்கள். சிரித்துவைக்கிறேன்.

ஊருக்குள் ஆளேற்றி ஓடும் ஜீப்னி வண்டிகளில் சில ஓட்டுநர்கள் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். இரண்டாம் சரணத்தில் ஜோமர் மேளத்துக்கு முன்னாலேயே நுழைகிறான்.