கனியும் வடிவும் வந்த படம்

ஆலங்கிணறு ஊரில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்ததும் அவர்களைப் பற்றிய படம் செண்பகா டாக்கீஸுக்கு வந்துவிடும். உயிர்த்தோழர்கள் இருவருக்கு ஒரு படம். அதை யாரும் எடுப்பதில்லை. காலை பஸ்ஸில் படப்பெட்டி வரும், அவ்வளவுதான். எல்லாமே சிரிப்புப் படம். மதியக் காட்சிக்கு ஊரே திரண்டு போய் உட்காரும். அன்றைக்கு வீடுகளும் எங்கோ போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் தெருவுக்குத் திரும்பி வரும். திரையில் எதைப் பார்த்து ஜனம் சிரிக்கிறதோ அது அந்தப் பிள்ளையை விட்டுப் போய்விடும். மிச்சம் இருப்பதோடு வெளியே வந்தால் பெரிய ஆள்.

வடிவின் அப்பா செல்லையாவுக்கு ஒரு காலத்தில் நன்றாக விசிலடிக்க வரும். பலசரக்குக் கடை சங்கிலி அண்ணாச்சி சின்ன வயதில் இடது கைக்காரர். இரண்டும் செண்பகா டாக்கீஸில் போனவை. அதற்காக அவர்கள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

வடிவுக்குப் பயம் பிடித்தது போன வருஷம், தவசியின் படத்தைப் பார்த்த பிறகு. தவசி திரையில் தலை காட்டினாலே ஜனம் சிரித்தது. நின்றால் சிரிப்பு, தும்மினால் சிரிப்பு. விளக்கைப் போட்டபோது அவன் இருக்கையில் சட்டையும் பேண்டும் மட்டும் கிடந்தன. அவன் அம்மா அவற்றை உதறி, மடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் வடிவும் ஒருத்தி.

இந்த வருஷம் அவளுடைய முறை. அவளுக்கும் அவள் உயிர்த்தோழி கனிக்கும்.

ஜெபக்கனி தவசியைவிடச் சிரிப்பானவள். பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டு, வாசல் நிலைக்கெல்லாம் குனிந்து குனிந்து, திறந்த வெளியிலும் குனிந்தே நடப்பாள். அவள் சிரிப்பது பழைய பம்புசெட் ஓட ஆரம்பிப்பது போல இருக்கும். முதலில் கரகரக்கும், பிறகு அடைக்கும், செத்துவிட்டது என்று நினைக்கும்போது பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பெரியப்பா செத்துவிட்டார் என்று சொல்லி லீவு கேட்டாள். பெரியப்பா அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். அந்த நேரம் டீச்சருக்கு டீ வாங்கிக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

வடிவிடமும் சிரிக்க விஷயம் இருந்தது. சடை நுனியை வாயில் வைத்துச் சப்புவாள். ஆடுகளை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவாள். இவையெல்லாம் போனால் போகட்டும் என்று அவள் இருந்தாள். கனியிடம் சிரிக்க முடியாத ஒன்றை யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை.

படத்துக்கு முந்தின நாள் அவள் சங்கிலி அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு எங்க படம். கொஞ்சம் சிரிக்காம பாக்கணும்."

அவர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். "வரணும்னு வாரதாம்மா சிரிப்பு? வாயைப் பொத்துனா மூக்கு வழியா வருது."

"கனி தவசி மாதிரி ஆயிட்டான்னா?"

"தவசிக்கு என்ன குறை? நல்ல நாள்னா துவைச்சு இஸ்திரி போட்டு வைக்காங்க."

அங்கிருந்து டாக்கீஸுக்குப் போனாள். ஆபரேட்டர் சூசை படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"சவுண்டை அமத்திப் படத்தைப் போட முடியுமா, மாமா?"

"சவுண்ட் இல்லைன்னா இன்னும் கூடல்லா சிரிப்பாங்க. ஒரு தடவை போட்டுப் பாத்தேன். அந்தப் பயலுக்கு நிழல்கூட மிஞ்சல."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கனி காத்திருந்தாள். படம் முடிந்த மறுநாள் அவளைத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்புவதாக அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. வடிவுக்குப் பாளையங்கோட்டையில் காலேஜ். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

"ஏட்டி, நான் துணியா ஆயிட்டேன்னா என்னை நீயே போட்டுக்க" என்றாள் கனி. "உனக்குத் தொளதொளன்னு இருக்கும். பிடிச்சுத் தைச்சுக்க."

வடிவு சடை நுனியை வாயில் வைத்தாள்.

"துணியாயிட்டா திருப்பூர் போக வேண்டாம்லா" என்றாள் கனி. சொல்லும்போது குரல் நடுங்கியது. கனியின் குரல் நடுங்கி வடிவு அதுவரை கேட்டதில்லை.

படத்துக்குத் தோழிகள் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு போவது ஊர் வழக்கம். இருவரும் ஊதாப்பூப் போட்ட சுடிதாரில் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். கூட்டம் நிரம்பியிருந்தது. பெண்கள் மடியில் வேர்க்கடலை வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் வடிவு கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

திரையில் கனி குனிந்து நடந்து வந்தாள். கொட்டகை அதிர்ந்தது. வடிவின் பக்கத்தில் கனி குட்டையானாள். திரையில் வடிவு ஓர் ஆட்டைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். சிரிப்பு. வடிவுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பல் விழுவது போல வலியில்லாமல் கழன்றது. அடுத்த காட்சியில், வகுப்பில் டீச்சர் கனியின் பெயரைக் கூப்பிட, வராத கனிக்காக வடிவு எழுந்து உள்ளேன் என்றாள். பதற்றத்தில் தன் பெயருக்குச் சும்மா இருந்துவிட்டாள். அந்த இடத்தில் ஜனம் இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. பிறகு கனியின் மூக்கு போனது. வடிவின் மச்சம் போனது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு திரையில் கனி சிரிக்க ஆரம்பித்தாள். கரகரத்தது, அடைத்தது, நின்றது. கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வடிவு துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அது இன்னும் நன்றாகக் கேட்டது. பம்புசெட் பிடித்துக்கொண்டதும் ஊர் முழுக்கச் சிரிப்பதற்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வெளியே வந்தது. அது வடிவினுடையது.

பக்கத்தில் தானும் சிரித்துக்கொண்டிருந்த கனியின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

வடிவு அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் துணிதான் இருக்கும் என்று நினைத்தாள். கையில் இருப்பது விரல்களா, சுடிதாரின் கைத் துணியா என்று தடவிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

கடைசிக் காட்சியில் பஸ் நிறுத்தம் வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசவில்லை. ஒரு பஸ் வந்து, ஆளில்லாமல் போனது. அவர்கள் ஏறவில்லை. காற்று அடித்தது. இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகையில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை வெளியே போக வேண்டும் என்றது.

"இதுல என்ன இருக்கு?" என்றது முன் வரிசையில் ஒரு குரல்.

யாரும் சிரிக்கவில்லை. இது முடியவே கூடாது என்று வடிவு வேண்டிக்கொண்டாள். அது முடிந்து, விளக்கு வந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துணி அல்ல, முழுப் பெண். வடிவு அவளைப் பார்த்தாள். அவள் வடிவைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் இருவரிடமும் மிஞ்சியிருந்தது. ஆகையால் இருவரும் ஒரே உயரமாக, ஒரே முகமாக, ஒரே ஊதாப்பூச் சுடிதாரில் இருந்தார்கள். நம்மில் யார் யார் என்று கேட்க இருவருக்கும் தோன்றியது. ஆனால் பெயர்கள்தான் வகுப்புக் காட்சியிலேயே போய்விட்டனவே.

சொல்லும் வசதிக்காக, இதுவரை வடிவு என்று சொன்னவளை இனியும் வடிவு என்றே வைத்துக்கொள்வோம்.

வாசலில் செல்லையாவும் கனியின் அம்மா மரியபுஷ்பமும் நின்றிருந்தார்கள். இரண்டு பெண்களையும் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நல்லா வந்திருக்கு" என்றார் செல்லையா.

"ஆமாண்ணே" என்றாள் மரியபுஷ்பம். பிறகு பெண்களிடம், "யாருட்டி என்கூட வாரீங்க? விடிஞ்சா திருப்பூர் பஸ்" என்றாள்.

திருப்பூர் என்றதும் வடிவுக்கு, தங்களில் ஒருத்தி அங்கே போக வேண்டும் என்பதும், அந்த ஒருத்தியின் குரல் நடுங்கியது என்பதும் மங்கலாக ஞாபகம் வந்தன. நடுங்கியது தன் குரலா, மற்றவள் குரலா என்று தெரியவில்லை. மற்றவளுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தாள்.

"நான் வாரேன்" என்றாள்.

மற்றவளும் வாயைத் திறந்தாள். ஒரு மூச்சு பிந்திவிட்டது. திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டு செல்லையாவின் பின்னால் நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். வடிவும் பார்த்தாள். கையை ஆட்டுவதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

மரியபுஷ்பம் வேகமாக நடந்தாள். வடிவு பின்னாலேயே போனாள். பொய் சொன்னது போல உறுத்தும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தாள். உறுத்தவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு இன்னும் வந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் வந்து விளக்கும் ஏற்றியிருந்தன. நடுவில் வெறும் மண்.

"இப்ப வந்துரும்" என்று சொல்லி மரியபுஷ்பம் மண்ணில் உட்கார்ந்தாள்.

வடிவு வாசல் வரும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, செருப்பை அங்கே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.