மூன்றாவது கட்டம்

அர்ஜென்டினாவில், ரொசாரியோ நகரின் தென்கோடியில் இருக்கும் அந்தச் சுகாதார நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் பயிற்சி மாணவர்கள். மருத்துவம் படிக்கும் மிலாக்ரோஸுக்கு வெள்ளை உடுப்பு. செவிலியம் படிக்கும் எல்வியோவுக்கு நீலம். சமூகப்பணி படிக்கும் எனக்கு வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டைதான். என்னையும் நோயாளி என்று நினைத்து, "வரிசையில நில்லும்மா" என்பார்கள் காத்திருப்பவர்கள்.

டீ மாதிரி குடிக்கும் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றி, ஒரே குடுவையை எல்லோருக்கும் சுற்றுக்கு விடும் வேலை முதல் நாளே என் தலையில் விழுந்தது.

"உங்க காலேஜ்ல மாத்தே குடிக்கிறதுதானே பாடமே" என்றான் எல்வியோ. மிலாக்ரோஸ் சிரித்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. டாக்டராகப் போகிறவர்களுக்கு மனிதர் கண்ணில் பட மாட்டார், ரிப்போர்ட்தான் படும் என்று அவள் காதுபடச் சொன்னேன். அதன்பின் குடுவை என் கைக்கு வரும், போகும். பேச்சு மட்டும் வராது. ஐந்து மாதம் இப்படி. யானினா என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ருஃபினோ ஒருவர்தான்.

அவருக்கு எழுபது வயது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர், மனைவியை இழந்தவர். செவ்வாய்தோறும் அவர் வீட்டுக்குப் போவோம். பார்த்ததை எழுத மூவருக்கும் சேர்த்து ஒரே தாள், அதில் மூன்று கட்டம். மூன்றாவது என்னுடையது. அடுத்தவர் கட்டத்தில் யாரும் மூக்கை நுழைப்பதில்லை.

ஒரு செவ்வாயன்று அழுதுகொண்டேதான் கதவைத் திறந்தார். மனைவி இறந்து சரியாக ஒரு வருடம். மிலாக்ரோஸும் எல்வியோவும் வாசலிலேயே நின்று ஏதோ எழுதினார்கள். என் கட்டம் மட்டும் மேலே தெரியும்படி தாளை மடித்து அவள் என்னிடம் நீட்டினாள்.

"அழுகை உன் டிபார்ட்மென்ட்டுடி. நாங்க பக்கத்து வீட்டுத் தடுப்பூசிய முடிச்சிட்டு வர்றோம்."

"போங்க, போங்க. மனுஷங்கன்னாலே உங்களுக்கு ஓட்டம்தான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை நடுங்கியது. அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"காலைல ஊசி போட்டேன். சாப்பாடுதான் இறங்கல" என்றார்.

துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. "மெதுவா பேசுங்க ஐயா, அவசரமே இல்ல" என்றேன். மருந்து தெரிந்தவர்கள் ஓடிவிட்டார்கள், நான் இருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி மேசைமேல், மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. விரலில் குத்திப் பார்ப்பது எப்படி என்று எல்வியோ எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனால் அது அவன் கட்டம். நான் தொடவில்லை.

அவர் மெல்ல என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். ஒரு கையாலேயே என் கட்டத்தை நிரப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து மிலாக்ரோஸ் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கருவியைத் தேடி எடுத்தாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததில், எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை இருபத்தாறு என்று காட்டியது.

"யானினா, எவ்ளோ நேரமா இப்படி இருக்காரு?"

அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆம்புலன்ஸ் போனபிறகு தாளைப் பிரித்தேன். மருத்துவக் கட்டத்தில், "சமூகப்பணி பார்க்கிறது." செவிலியர் கட்டத்திலும் அதே. என் கட்டத்தில், "துக்கம். கேட்டுக்கொண்டிருந்தேன்."

"வேர்வைய நானும் வாசல்லயே பாத்தேன்" என்றாள் மிலாக்ரோஸ். "அழறவர்தானேன்னு விட்டுட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம்.

பத்து நாள் கழித்து அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். உயிர் தங்கிவிட்டது. ஆனால் நினைவு பல இடங்களில் அறுந்து போயிருந்தது, பேச்சும் இழுத்தது. என்னை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா" என்றார். "அன்னிக்கு நீங்க பக்கத்துலயே இருந்தீங்கள்ல. அதான் எனக்குப் பயமே வரல."

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்த ஒரே மனிதர். நான் திருத்தவில்லை.