நீலத்துணியில் வெள்ளைச் சிலுவை

என் வீட்டுக்காரர் சூசை அந்த நீலத்துணியைக் கொண்டுவந்து தையல் இயந்திரத்தின் மேல் விரித்தபோது நான் கிராணியார் மனைவியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விடாத மழை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பலகை வீட்டில் பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. அந்த மங்கலிலும் துணியின் நீலம் தனியாகத் தெரிந்தது. சூலியா தெருவில் முகம்மது கனியின் தையல்கடையில் வாங்கியது என்றார். நானும் அந்தக் கடைக்குத்தான் வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்துவந்தேன்.

"நடுவுல வெள்ளைச் சிலுவை வைக்கணும், அமலம். கரையிலருந்து பாத்தாலும் தெரியணும்."

எந்தக் கோயிலுக்கு என்று கேட்டேன். கோயிலுக்கில்லை, மக்ரே துரைக்கு, அவருடைய ஊர்க்கொடி என்றார்.

சூசை ஒரு கப்பல் பட்டறையின் மோட்டார் படகில் இயந்திரம் பார்த்தார். மக்ரே துரை அந்தப் பட்டறையின் பெரிய இன்ஜினியர். நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்குப் போவதும், பழுது பார்த்து முடியும்வரை படகில் காத்திருப்பதும் இருவருக்கும் சேர்ந்த வேலை. அப்படிக் காத்திருந்த பொழுதுகளில் பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாக துரை தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். எங்களுக்கு வெள்ளைக்காரர்கள் என்றால் எல்லாரும் ஒன்றுதான். ஸ்காட்லாந்து என்று தனி நாடு ஒன்று இருந்தது, அது இருநூறு வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டது, அதைத் திரும்பவும் தனியாக்க வேண்டும் என்று இப்போது அங்கே சிலர் கட்சி கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சூசை சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை அந்தக் கட்சிப் பக்கம். பினாங்கில் இருந்த அவருடைய சொந்த ஊர்க்காரர்களே அவரைக் கேலி செய்தார்களாம். கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, மாலையில் வேலை முடிந்த பிறகும் படகிலேயே உட்கார்ந்திருப்பார் என்று சூசை சொன்னார்.

இந்தக் கதையை சூசை கனியின் கடையிலும் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை நான் தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போனபோது கனி என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்னக்கா, வெள்ளக்காரன்கிட்டயிருந்து வெள்ளக்காரனுக்கு விடுதலை வாங்கிக் குடுக்கப் போறாராமே சூசையண்ணன்? இந்தியாவுல நம்ம ஆளுங்க கேட்டா அடி. இவங்க கேட்டா என்ன குடுப்பாங்க, கேக்கும் டீயுமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் சூசையிடம் நான் கேட்ட கேள்வி வேறு. இந்தத் தீவிலும் அக்கரையிலும் உள்ள ரப்பர் தோட்டத்து துரைகளில் எத்தனையோ பேர் அவருடைய ஊர்க்காரர்கள்தானே, நம் ஜனங்களை வேலை வாங்கும்போது அவர்களுக்குத் தங்கள் நாடு பறிபோனது நினைவுக்கு வரவில்லையா என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றார் சூசை. "தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னாரு, நெசந்தான் சூசை, சொந்த வீடு போனவன் அடுத்தவன் வீட்டுக்குக் காவக்காரனாப் போனான், கையில தடியக் குடுத்தாங்க, அடிச்சிட்டோம்னு. வேற எந்த துரை நம்மகிட்ட இப்படிச் சொல்லுவான்?"

நீலத்துணியை மடித்து வைத்தேன்.

அடுத்த நாள் கிராணியார் அப்புத்துரை ரவிக்கைகளை வாங்கிப்போகத் தானே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பட்டறையில் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தலைமைக் கிராணி. மனைவியின் ரவிக்கைக்காக மழையில் குடை பிடித்து வருகிற மனிதர் அல்ல. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாதக் கடைசியில் ஸ்காட்லாந்துக்காரர்களின் திருநாள் வருகிறது என்றும், அன்று பட்டறைப் படகில் வழக்கமான சிவப்பு இங்கிலீஷ் கொடியை இறக்கிவிட்டு வேறு கொடி ஏற்ற மக்ரே நினைத்திருக்கிறார் என்று தன் காதுக்கு வந்ததாகவும் சொன்னார்.

"பிள்ளை, உலகத்தை ஆளுற வெள்ளையரில அரைவாசி ஸ்கொட்லாந்துக்காரர்தான். ஆளுறவைக்கு என்னத்துக்கு விடுதலை? அந்த மனுசனுக்குத் தனிமையில விசர் பிடிச்சுப்போச்சு. கொடி ஏறினால் அவரை ஊருக்கு அனுப்புவினம், முதல் வகுப்பில. சூசையை எங்க அனுப்புவினம்?"

எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது போய்ச் சேர ஓர் ஊரின் பெயர் இருந்தது. நான் பினாங்குக் கன்னியர் மடத்து அனாதை விடுதியில் வளர்ந்தவள். எழுத்தும் தையலும் ஜெபமும் அங்கேதான் கற்றேன். நாகப்பட்டினம் எனக்கு ஒரு சொல் மட்டும்தான்.

அன்று மாலை சூசையிடம், தைக்க மாட்டேன் என்றேன். கிராணியார் சொன்னதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படகின் எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் துணியைத் தொடாமல், அதன் மேலாகக் கையை ஓட்டினார்.

"அந்த மனுசனுக்குப் பேச ஆளில்ல, அமலம். என்கிட்ட மட்டும்தான் பேசுறாரு. மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

தைத்தேன். பயந்துகொண்டேதான் தைத்தேன். ஆனால் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மடத்தில் பீடத்துணி தைக்கும்போது கற்றுக்கொண்ட அளவில் நெடுக்குப் பட்டையை நீளமாகவும், குறுக்குப் பட்டையைச் சற்று மேலே தள்ளியும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய ஓரங்களைக் கையாலேயே மடித்துத் தைத்தேன். முடித்துச் சுவரில் தொங்கவிட்டபோது சூசை தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

திருநாளன்று காலை கடலோரச் சுவரருகே போய் நின்றேன். சூசைக்குத் தெரியாது. மழை விட்டிருந்தது. படகுத்துறையிலிருந்து படகு வெளியே வந்தது. பின்பக்கக் கம்பத்தில் வழக்கமான சிவப்புக் கொடி. கப்பல் வரைக்கும் போயிற்று, காத்திருந்தது, திரும்பியது. சிவப்புதான். அங்கேயே உட்கார்ந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்த சூசை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். துரை கொடியை விரித்துப் பார்த்தாராம். இமைக்காமல் பார்த்தாராம். பிறகு மெதுவாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, உன் மனைவியின் வேலை உப்புக்காற்றில் கெட்டுவிடும், இதை ஏற்ற வேண்டாம் என்றாராம்.

"பயந்துட்டான்" என்றார் சூசை. துரையை அவர் 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு படகில் பேச்சுக் குறைந்துபோயிற்று. துரை ஏதாவது தொடங்கினால் இவர் இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விடுவாராம். எனக்கு அது நல்லதாகவே பட்டது. வேலை நிலைத்தது. பட்டறையிலிருந்து பலர் கப்பலேறினார்கள், சூசை பெயர் வரவில்லை. வீட்டில் ஸ்காட்லாந்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேறு எதைப் பற்றியும் அவர் அவ்வளவாகப் பேசவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் சூசை இறந்துபோனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அடக்கத்துக்குப் பட்டறை ஆட்களும் கிராணியாரும் வந்தார்கள். மக்ரே துரை கோயிலுக்குள் வரவில்லை. வெளியே மரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கல்லறைத் தோட்டத்தில், பெட்டியை இறக்குவதற்கு முன் முன்னால் வந்து, சட்டைக்குள்ளிருந்து அந்த நீலத்துணியை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பெட்டியின் மேல் அதை விரித்தார். அந்த அளவுக்கென்றே தைத்ததுபோல இருந்தது. நெடுக்குப் பட்டை தலையிலிருந்து கால் வரைக்கும், குறுக்குப் பட்டை மார்பின் மேல். சாமியார்கூட நான் தைத்துவைத்த அடக்கத்துணி என்றே நினைத்திருப்பார். துரை குனிந்து தையல் ஓரத்தை விரலால் தடவினார். "பாகுஸ்" என்றார். மலாயில், நன்றாக இருக்கிறது என்று. துணியை எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். மண் அதன் மேல்தான் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் அவரும் கப்பலேறிப் போய்விட்டார்.

பிறகு கனியின் கடை வேலைதான் எனக்குச் சோறு போட்டது. சென்ற நவம்பரில் ஸ்காட்லாந்துக்காரர்களின் திருநாள் விருந்து மண்டபத்தை அலங்கரிக்க நிறைய சிறு கொடிகள் வேண்டும் என்று கடைக்கு வேலை வந்தது. மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதே நீலம். ஆனால் வெள்ளைப் பட்டைகள் இரண்டும் மூலைக்கு மூலை சாய்ந்திருந்தன. மடத்துப் பள்ளியில் தப்புக் கணக்கின் மேல் கன்னியாஸ்திரீ இழுக்கிற கோடுகளைப் போல.

மாதிரியில் பட்டையைத் தப்பாக வைத்துவிட்டார்கள், சிலுவை நேராக அல்லவா இருக்க வேண்டும் என்று கனியிடம் சொன்னேன்.

"இல்லக்கா, அவங்க சிலுவையே சாஞ்சதுதான்லா. கோட்டையில பறக்குற பெரிய கொடியில பாத்ததில்லையா? இதே நீலமும் சாஞ்ச வெள்ளையும் அதுல அடியில கெடக்கு. மேல இங்கிலாந்தோட செவப்புச் சிலுவ ஏறி உக்காந்திருக்கு." ஊசியில் நூல் கோத்தபடியே மேலும் சொன்னார். "வருஷத்துல ஒரு ராத்திரி இதத் தனியாத் தொங்க விடுவாங்க. ராஜாவுக்குன்னு குடிச்சிட்டு மறுநாள் அவுத்துருவாங்க. பாட்டும் கூத்தும்தான், வேற ஒண்ணுமில்ல."

பிறந்ததிலிருந்து அந்தப் பெரிய கொடியைப் பார்த்து வந்திருக்கிறேன். அதற்கு அடியில் இன்னொன்று கிடப்பதைப் பார்த்ததில்லை.

மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகில் துரை என் கொடியை விரித்துப் பார்த்த அந்தக் காலைவேளை எனக்கு இப்போது வேறுவிதமாகத் தெரிந்தது. ஒரு தையல்காரியின் உழைப்பை அவள் புருஷனிடம் தப்பு என்று சொல்ல மனம் வராமல் மடித்து உள்ளே வைத்திருக்கலாம். அப்படியானால் சூசை அந்த மனிதரைக் கோழை என்று நினைத்தபடியே செத்துப்போனார். அல்லது துரை உண்மையிலேயே பயந்துதான் இருந்தாரோ, என் தப்பு அவருக்கு ஒரு சாக்காக அமைந்ததோ. கேட்பதற்கு அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியாது. சொல்வதற்கு சூசை இல்லை.

கொடிகளை எல்லாம் சாய்வாகவே தைத்துக் கொடுத்தேன். விருந்துக்கு மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழையில் மண் இளகி, சூசையின் தலைமாட்டில் நட்டிருந்த மரச்சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வருஷாவருஷம் இப்படித்தான். நான் போய் நிமிர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கிவிட்டு வருவேன். இந்த முறையும் குனிந்து அதன் மேல் கையை வைத்தேன். மரம் ஊறிக் குளிர்ந்திருந்தது. தூறல் வலுத்தது. நிமிர்த்தாமலும் கையை எடுக்காமலும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.