கழித்தல் குறி

ஆசிரியை இருவரையும் ஒரே மேசையில் உட்காரச் சொன்னபோது மகளின் முகம் சுண்டிப்போனது.

"ரெண்டு பேரும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போடுங்க. அவங்களுக்கு நல்லா வருது. புரியலன்னா கேட்டுக்கோ" என்றார் ஆசிரியை. அவருக்கு விஷயம் தெரியாது. பின்வரிசையில் சுவரை ஒட்டி உட்காரும் இந்தப் பெண், முன்வரிசையில் இருக்கும் நடுவயதுக்காரியின் மகள் என்று வகுப்பில் யாருக்குமே தெரியாது. வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். மகள்தான் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அந்தச் சிரிப்பு இப்போது வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகள் தாளை நடுவில் தள்ளிவிட்டு, "நீங்களே போடுங்க" என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக 'நீங்க'.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஆவியும் ஈர விரிப்புகளும். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டடத்திலேயே மேல்மாடிக்குப் போகலாம். அதற்கு முதலில் கல்லூரியில் முக்கோணவியல் தேற வேண்டும். பள்ளியோடு படிப்பை விட்டவளுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்ற பயத்தோடுதான் சேர்ந்தாள். மகளின் கதை வேறு. கட்டடப் பொறியியல் முதலாண்டில் இந்த ஒரு பாடத்தில் போய்விட்டது. திரும்ப எழுத மாலை வகுப்பு மட்டும்தான் இருந்தது. இதிலும் போனால் துறையில் இடம் இருக்காது.

வினோதம் என்னவென்றால், அம்மாவுக்குக் கணக்கு வந்தது. வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளி சுற்றி வருகிறது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் சைன் என்று ஆசிரியை பலகையில் வரைந்த அன்று, யாரோ இருட்டறையில் விளக்கைப் போட்டது போலிருந்தது. பதில் உதட்டருகே வந்து நிற்கும். கை தானாக உயரும். உயர்ந்த கையை இறக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரண்டு கண்கள் இருப்பது நினைவுக்கு வரும். பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி இருக்கும்.

சேர்ந்து கணக்குப் போட்ட அன்று வீட்டில் மகள் சொன்னாள்: "இனிமே கை தூக்காதம்மா."

"தெரிஞ்சதைக் கேக்கறாங்க, சொல்றேன். அதுல என்ன?"

"உனக்கென்ன. தோத்தாலும் உனக்கு வேலை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அம்மா கை தூக்கவில்லை. இடைத்தேர்வு வந்தது. மகளுக்கு எப்போதும் தடுமாற்றம் குறிகளில்தான். வட்டத்தின் எந்தக் கால்பகுதியில் எது கூட்டல், எது கழித்தல் என்று பிடிபடவே பிடிபடாது. அம்மா எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சரியாக இருந்த விடைகள் சிலவற்றின் முன்னால், சின்னச் சின்னதாகக் கழித்தல் குறிகளைப் போட்டாள். உப்பு போடுகிற மாதிரி எளிதாக இருந்தது.

தாள் திரும்பி வந்தபோது மகள் தேறியிருந்தாள். அம்மாவைவிட மதிப்பெண் கூட. அந்த வகுப்பில் முதல்முறையாக அவளே பின்வரிசையிலிருந்து அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மணி அடித்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை அம்மாவின் மேசையருகே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் சரியா எழுதிட்டு, அப்புறமா முன்னாடி கோடு போட்டிருக்கீங்க. இடுக்குல நுழைச்ச மாதிரி இருக்கு. ஏன்?"

"தலை சுத்துச்சு மேடம்."

பையைத் தோளில் மாட்டியபடி வந்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள். தாளைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தைவிட்டுப் போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எதுக்கு அப்படிப் பண்ணின?"

அம்மா பையை இறக்கிவைத்தாள்.

"சின்னப் பிள்ளையில ஓட்டப்பந்தயம் வச்சா வேணும்னே பின்தங்குவியே, அந்த மாதிரியா?"

"அப்ப நீ சந்தோஷமா சிரிப்பே."

"அப்ப எனக்கு நாலு வயசும்மா."

மகளின் அறைக்கதவு சாத்திக்கொண்டது. அம்மா கதவில் கை வைத்து, தட்டாமல் எடுத்துவிட்டாள். அடுத்து வந்த நாட்களில் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. லாரி ஓட்டப் போயிருந்த கணவன் தொலைபேசியில், "என்ன, ரெண்டு மாணவிகளும் அமைதியா படிக்கிறீங்க போல" என்று சிரித்தான். அம்மா ஆமாம் என்றாள்.

இறுதித்தேர்வு அன்று மகள் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தாள். ஆனால் தேர்வறையில் அவள் இடம் காலி. கேள்வித்தாள் கொடுத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். எழுந்து போய்த் தேடலாமா என்று அம்மாவின் கால் துடித்தது. ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்றும் தோன்றியது. முதல் கேள்வியைப் படித்தாள். விடை தெரிந்தது. இரண்டாவதும். இது எனக்கு வேண்டும் என்று மனதுக்குள்கூட அவள் இதுவரை சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது சொன்னாள். சொன்னதும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே எழுதினாள், கடைசிக் கேள்வி வரை.

வெளியே மழை பிடித்திருந்தது. மகள் நுழைவாயில் படியில் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதினியா?" என்றாள் மகள்.

"எழுதினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மகள் தலையசைத்தாள். "கதவு வரைக்கும் வந்தேம்மா. உள்ள நீ குனிஞ்சு எழுதிட்டிருந்த. கண்ணாடி வழியா பாத்துட்டே நின்னேன். நான் உள்ள வந்தா நீ மறுபடியும் கோடு போட்டுருவே." இனி என்ன செய்வாய் என்று அம்மா கேட்கவில்லை. கேட்கிற உரிமையை உள்ளே மேசையில் வைத்துவிட்டு வந்தது போலிருந்தது.

பேருந்து கூட்டமாக வந்தது. உள்ளே ஒரே ஓர் இருக்கை காலி. "நீ உக்காரு" என்றாள் அம்மா. "நீ உக்காரும்மா, காலைலேர்ந்து நிக்கற" என்றாள் மகள். இருவரும் உட்காரவில்லை. ஒரே கம்பியை மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியே சாரல் அடித்து, அந்த இருக்கை மெல்ல நனைந்துகொண்டிருந்தது.