வாங்காத காருக்குத் தீர்த்தம்

லாசால்,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சுவாமிக்கு,

மடு மாதா திருநாளன்று பூசை முடிந்தபின், கோயில் வளவில் வரிசையாக நின்ற புதுக் கார்களை நீங்கள் தீர்த்தம் தெளித்து மந்திரித்தீர்கள். மூன்றாவதாக நின்ற சிவப்புக் கார் நினைவிருக்கும். "புதுசா வாங்கினதோ, எமிலியானுஸ்?" என்று கேட்டீர்கள். "ஓம் சுவாமி" என்றேன். அது பொய். அந்தக் கார் நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கார் விற்பனை நிலையத்துக்குச் சொந்தமானது.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்க வேண்டும். போன சனிக்கிழமை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

ஜூன் மாதம் எங்களிடம் ஒரு புது மாதிரிக் கார் வந்தது. பின்கதவு மேலே திறக்கும் சின்ன ஹாட்ச்பேக்தான், ஆனால் எஞ்சின் பந்தயக் கார் போல இழுக்கும். இப்படியான கார் முன்பெல்லாம் வசதியானவர்களுக்கு மட்டும். இதை முப்பதாயிரம் டொலருக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று கம்பனி பெருமையாகச் சொன்னது. எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எஞ்சினுக்குப் போட்ட காசை, குளிருக்குச் சூடேறும் சீற்றை வெட்டி மிச்சம் பிடித்தார்கள். வீட்டுக்குள் நின்றே காரை ஸ்டார்ட் பண்ணும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். சில்லுகள் பெரிது, டயர் மெலிது. எங்கள் வீதிக் குழிகளுக்கு அந்த டயர் எத்தனை நாள் தாங்கும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

அறிமுக விழாவுக்குப் பலூன் கட்டினோம். பெடியங்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், சீஸ் துண்டுகளைத் தின்றார்கள், இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கும் தியாகலிங்கம் அண்ணையைக் கூப்பிட்டிருந்தேன். எஞ்சினைப் போட்டுக் காட்டினேன்.

"இந்தச் சத்தத்துக்கும் சேர்த்தோ காசு?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, அது ஸ்போர்ட் சத்தம்."

"என்ர பழைய கார் சைலன்சர் ஓட்டையாகி, இதைச் சும்மா போடுது. அதை நான் உனக்கு விக்கட்டே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜூலை முடியும்வரை ஒரு கார்கூடப் போகவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் எட்டு விற்க வேண்டும் என்று மானேஜர் றிஷார் சொன்னார். பத்துச் சதம் மிச்சம் என்றால் மற்றக் கடைக்கு நடந்து போகிற சனத்துக்கு எட்டுப் பந்தயக் கார் எப்படி விற்பது?

இந்த இடத்தில் றிஷாரின் மேல் பழி போடலாம். போட மாட்டேன். அவருக்குக் கார் மந்திரிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. அந்த எட்டில் சிவப்பு ஒன்றை என்னுடையது போலக் கோயிலுக்குக் கொண்டுபோகும் யோசனை என்னுடையது. நான் கெட்டிக்காரன் என்று அன்று அவர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் எனக்குச் சந்தோசம் வந்தது என்பதையும் எழுதுகிறேன்.

திருநாளன்று மற்றவர்கள் எல்லோரும் காரை முன்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் மட்டும் பின்னுக்கு எடுத்து, வேலியோடு ஒட்டி நிறுத்தினேன். இந்த மாகாணத்தில் காருக்குப் பின்னால் மட்டும்தான் இலக்கத்தகடு. விற்பனை நிலையத்தின் தகடு எக்ஸ் எழுத்தில் தொடங்கும். வேலி அதை மறைத்தது. நீங்கள் தீர்த்தம் தெளித்தபோது என் மனைவி மெலனி பக்கத்தில் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். லாசாலுக்குத் திரும்பும் வழியில், "தீர்த்தம் காயிறதுக்குள்ள திருப்பிக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டாள். அதன்பின் இன்றுவரை அவளாக அந்தக் கதையை எடுக்கவில்லை.

பிலோமினம்மா அக்காவை உங்களுக்குத் தெரியும். கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. விடிய நாலரைக்கு வீட்டால் வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிறவர். அதற்காகத்தான் இந்த வருடம் கார் ஓடப் பழகி, லைசென்ஸ் எடுத்தார். சாதாரண ஹாட்ச்பேக் ஒன்றை என்னிடமே பார்த்து வைத்திருந்தார். அன்று கோயில் வளவில் சிவப்புக் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நீ வாங்கினனியெண்டா இதுதான் நல்ல காராயிருக்கும். சப்பாத்து வாங்கவே மூண்டு கடை ஏறி இறங்கிற ஆள் நீ. எனக்கும் இதையே எழுது."

சொல்லிவிட்டு, தன் கைப்பையிலிருந்து அந்தோனியார் படம் ஒன்றை எடுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினார். நான் நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை காரைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். முன்வரிசையில் நிறுத்தி, கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் விலை எழுதினார்கள். எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்க்கிற நான், அந்தோனியார் படத்தை எடுக்க மறந்துபோனேன்.

நேற்று அக்கா கார் வாங்கும் படிவத்தில் ஒப்பமிட வந்தார். பஸ்தரிப்பிலிருந்து நடந்து வந்தவர் அந்தக் காரடியில் நின்றுவிட்டார். நான் வெளியே போனேன்.

"தம்பி, இது என்ர அந்தோனியார் எல்லே?"

அவர் என் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாசக் காசு கட்ட ஏலாமக் காரைத் திருப்பிக் குடுத்திட்டியோ? மெலனிக்கு வேலை போச்சோ?"

"இல்லை அக்கா..."

"வெக்கப்படாதை. எங்களில ஆருக்கு வராதது? பூசைக்குப் பிறகு நாலு பேரிட்ட உதவி கேட்டு நான் கதைக்கிறன், உன்ர பேர் சொல்லாமல். சரி, வா, பேப்பரை எடு. நான் ஒண்டை எடுத்தா உனக்கும் ஏதும் காசு வரும்தானே."

சுவாமி, அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பேப்பரை எடுத்தேன். எனக்கு இரங்கி ஒருவர் வாங்கப்போகும் காரின் படிவத்தில், அவருடைய பெயரை, விலாசத்தை, தபால் குறியீட்டை நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பேனையை அவரிடம் கொடுத்தேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"சீற் சூடேறும்தானே? தை மாசம் விடிய நாலரைக்கு எனக்கு அது ஒண்டுதான் வேணும். நீ குளிருக்கு ரெண்டு சுவெட்டர் போடுற ஆள், அது இல்லாமல் வாங்கியிருக்க மாட்டாய் எண்டு நான் கேக்கவுமில்லை."

"சூடேறாது அக்கா."

"அப்ப நீ எப்பிடி...?"

"நான் வாங்கேல்லை. அது கடைக் கார். உங்களையெல்லாம் வாங்கப் பண்ணத்தான் கோயிலுக்குக் கொண்டுவந்தனான்."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"மெலனிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சுவாமிக்கு?"

"தெரியாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். காரைத் திறந்துவிடச் சொன்னார். அந்தோனியார் படத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பி எடுத்து, கைலேஞ்சியால் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"எந்தக் காரிலை?" என்று கேட்டார்.

கொஞ்சத்தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அது நீ சொல்லவேண்டியது" என்றார். பஸ் வரும்வரை தரிப்பில் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். அவருக்கு உகந்த சாதாரணக் காரின் விபரத்தை, சூடேறும் சீற்றோடு, ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அதைக் கொடுக்கும் துணிவு இன்னும் வரவில்லை. அவர் வேறு இடத்தில் வாங்கினால் அது நியாயம்.

ஆனால் அன்று வளவில் சிவப்புக் காரைப் பார்த்த இன்னும் மூன்று குடும்பங்கள் அடுத்த கிழமை ஒப்பமிட வருகின்றன. ஒவ்வொருவராக ஃபோன் எடுத்துச் சொல்ல நேற்றிரவு முயன்றேன். முதல் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கமுதல் வைத்துவிட்டேன். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாக ஒவ்வொரு சாட்டுச் சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தாருங்கள். சொல்லப்போவதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பதினொரு வரி. கூட்டிக் குறைக்காமல் வாசிப்பேன். மெலனி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். றிஷாருக்குத் திங்கட்கிழமை சொல்லுவேன்.

ஞாயிறன்று எங்கள் பன்னிரண்டு வருடப் பழைய காரில் வருவோம். பின்பக்கத் தகடு வீதியைப் பார்க்க நிறுத்துவேன்.

தங்கள் கோயில் மகன்,
எமிலியானுஸ்